கீரியைக் கொன்றவளும் நீதிக்கதை என்னும் சொல்லும்

தமிழில் 'நீதி' என்ற சொல்லுக்கு இரண்டு குடும்பங்கள் உண்டு. நீதிமன்றம், நீதிபதி, சமூகநீதி, அநீதி என்பவை ஒரு குடும்பம். நீதிநூல், நீதிபோதனை, நீதிவெண்பா என்பவை இன்னொன்று. முதல் குடும்பத்தில் நீதி என்பது கேட்டுப் பெறுவது. பாதிக்கப்பட்டவர் கேட்பார், பொறுப்பில் இருப்பவர் தர வேண்டும். இரண்டாம் குடும்பத்தில் நீதி என்பது கேட்டு நடப்பது. பெரியவர் சொல்வார், சின்னவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு இடத்திலும் 'கேட்பது' என்ற ஒரே வினைதான். ஆனால் முதல் இடத்தில் கேட்பவள் வழக்காடுகிறாள். இரண்டாம் இடத்தில் கேட்பவள் தலையாட்டுகிறாள்.

'நீதிக்கதை' இந்த இரண்டில் எந்தக் குடும்பத்துச் சொல்? இது அகராதிக் கேள்வி போலத் தோன்றும். நம் பெண்கள் எந்தக் கதையை எப்படிக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இன்று அந்தச் சொல்லை நாம் கண்டபடி புழங்குகிறோம். ஈசாப்பு கதைகள், பஞ்சதந்திரம், ஜாதகக் கதைகள், பரமார்த்த குரு கதை, தெனாலிராமன் கதை, முல்லா கதை என எல்லாமே சிறுவர் புத்தக அலமாரியில் 'நீதிக்கதைகள்' என்ற ஒரே பெயரின் கீழ் அடுக்கப்படுகின்றன. கதை முடிந்ததும் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் 'நீதி' என்று போட்டு, பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். பயிற்சிப் பகுதியில் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று ஒரு வினா இருக்கும். அந்த ஒற்றை வாக்கியத்தை எழுதிப் பழகிய கை, பிறகு எந்தக் கதையைக் கொடுத்தாலும் அதையே தேடுகிறது. இளங்கலை வகுப்பில் புதுமைப்பித்தன் சிறுகதை ஒன்றை நடத்தி முடித்தால்கூட, "இதுல என்ன நீதிங்க மேடம்?" என்று கேட்கும் மாணவி ஒருத்தி ஆண்டுதோறும் இருக்கிறாள்.

அவள் கேட்பதில் தவறில்லை. ஆனால் அவள் கேட்பது, 'இந்தக் கதையில் எனக்கு என்ன புத்திமதி?' என்பதை. 'இந்தக் கதையில் யாருக்கு நியாயம் கிடைத்தது?' என்று கேட்கவும் அதே சொல்லில் இடம் இருக்கிறது. அந்த இடம் இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் பக்கத்துச் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். விலங்குகள் பேசி நடப்பது விலங்குக் கதை. அதில் போதனை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரிந்த ஒன்றைச் சொல்லி அதன் சாயலில் தெரியாத ஒன்றை விளங்கவைப்பது உவமைக் கதை. தமிழ் விவிலியம் ஏசு சொன்ன கதைகளை 'உவமை' என்றே சொல்கிறது. ஒவ்வொரு பாத்திரமும் ஒரு கருத்துக்கோ குணத்துக்கோ ஆளாக நின்றால் அது உருவகக் கதை. புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்பவை ஜாதகக் கதைகள். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும் சீடர்களும் வருவது சிரிப்புக் கதை. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்க, எல்லாவற்றையும் நீதிக்கதை என்று அழைத்தால் அந்தச் சொல் எதையும் குறிக்காமல் போகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை வகைப்படுத்தும்போது கட்டிச் சொல்லும் பொய்க்கும், பொருளோடு சேர்ந்த நகைப்புக்கும் இடம் கொடுக்கிறது. யானையும் குருவியும் நட்புக்கொண்டு எங்கெங்கோ போய் என்னென்னவோ செய்தன என்பது போன்ற கதையை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார் உரையாசிரியர் பேராசிரியர். அந்த வகைப்பாட்டில் பொய் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. போதனையை அளவுகோலாக வைக்கவில்லை. அதைவிட முக்கியமான செய்தி அடுத்து வருகிறது. இப்படிச் சொல்வதில் ஒரு பகுதியைத் தொல்காப்பியம் செவிலிக்கு உரியது என்கிறது. வளர்த்த தாய் தன் மகளுக்குச் சொல்லும் பேச்சு அது. கதை சொல்பவள் பெண் என்பதை இலக்கணமே பதிந்து வைத்திருக்கிறது. அவள் சிரித்துச் சொன்ன கதையின் வாலில் 'நீதி' என்ற கட்டத்தை ஒட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அந்தச் சொல் வந்த வழியையும் பார்க்க வேண்டும். வடமொழியில் 'நீ' என்ற வினையடிக்கு நடத்திச் செல்லுதல் என்று பொருள். நாயகன், நேதா என்ற சொற்களுக்கும் அதுதான் அடி. நீதி என்றால் நடத்திச் செல்லும் முறை. நீதிசாத்திரம் என்றால் நாட்டை நடத்தும் சாத்திரம். பஞ்சதந்திரம் அந்த வகையைச் சேர்ந்த நூல். அதன் முன்கதையை எல்லாரும் அறிவோம். அமரசக்தி என்ற அரசனுக்கு மூன்று மக்குப் பிள்ளைகள். நாளை ஆள வேண்டியவர்கள். விஷ்ணுசர்மா அவர்களை ஆறு மாதத்தில் தேற்றிக் காட்டுவதாக ஏற்றுக்கொண்டு கதை சொல்லத் தொடங்குகிறார். சிங்கமும் நரியும் காகமும் ஆந்தையும் அரசவையின் வேடங்கள். யாரை நம்புவது, யாரோடு கூடுவது, எப்போது போர், எப்போது சமாதானம் என்பதே பாடம். ஐந்தாம் தந்திரம் ஆராயாமல் காரியம் செய்வதன் கேடு பற்றியது. கையில் அதிகாரம் இருப்பவன் விசாரிக்காமல் நடந்தால் என்ன ஆகும் என்பதை எதிர்கால அரசர்களுக்குச் சொல்வது.

தமிழ் உரைநடையில் இந்நூல் நிலைபெற்ற விதமும் கவனிக்கத்தக்கது. 1826-இல் தாண்டவராய முதலியார் இதை மராத்தியிலிருந்து தமிழாக்கினார். அவர் வேலை பார்த்தது சென்னைக் கல்விச் சங்கத்தில். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் ஆங்கில அதிகாரிகளுக்கு இந்த நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812-இல் ஏற்பட்ட நிறுவனம் அது. அங்கேயும் படிக்க வந்தவர்கள் ஆளப் போகிறவர்கள்தான். பிறகு அச்சுக்கூடங்கள் பெருகின, பள்ளிகள் பெருகின. ஆள்பவர்க்குச் சொன்ன பாடம் இறங்கி இறங்கி ஆளப்படுபவர்க்குச் சொல்லும் பாடம் ஆயிற்று. முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த இறக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கதையைப் பின்தொடர்ந்தால் போதும். கீரிப்பிள்ளைக் கதை.

நாம் கேட்டு வளர்ந்த வடிவம் இது. ஒருத்தி தொட்டிலில் குழந்தையை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறாள். வீட்டில் வளர்க்கும் கீரி காவல் இருக்கிறது. பாம்பு வருகிறது. கீரி அதைக் கடித்துக் குதறிக் கொல்கிறது. வாயெல்லாம் இரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வந்து அவளை வரவேற்கிறது. குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்று எண்ணி, இடுப்புக் குடத்தை அதன் தலையில் போடுகிறாள். உள்ளே போனால் குழந்தை சிரிக்கிறது. பக்கத்தில் பாம்பு துண்டாகிக் கிடக்கிறது. நீதி: ஆராயாமல் எதையும் செய்யாதே.

இந்தக் கதை உலகம் சுற்றியது. அரபியில் 'கலீலா திம்னா'வாகப் போனபோது விலங்கைக் கொன்றவன் ஒரு துறவி. வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்ற ஊரில் வழங்கும் வடிவத்தில் விலங்கு ஒரு வேட்டைநாய்; கொன்றவன் இளவரசன் லெவலின். வடமொழி இதோபதேசத்தில் மனைவி குளிக்கப் போகும்போது கணவனைக் குழந்தைக்குக் காவல் வைக்கிறாள். தானம் வாங்க அழைப்பு வந்ததும் அவன் கீரியை வைத்துவிட்டு ஓடுகிறான், திரும்பி வந்து கீரியைக் கொல்பவனும் அவனே. 1199-இல் பூர்ணபத்திரர் என்ற சமணத் துறவி தொகுத்த பஞ்சதந்திரத்தில் குடத்தைப் போடுபவள் தாய். ஆனால் அங்கேயும் அவள் தண்ணீருக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அவன் யாசகத்துக்குப் போய்விடுகிறான். அவன் வந்ததும், பேராசைக்காரா, நான் சொன்னதை நீ செய்யவில்லை, அதன் பலனை அனுபவி என்று அவனைச் சாடுகிறாள். பழி யார் மேல் என்பதில் அவளுக்கு ஐயமில்லை.

நம் சிறுவர் புத்தகத்தில் அந்தக் கணவனைக் காணவில்லை. காவல் இருக்க வேண்டியவன் கதையிலிருந்தே போய்விட்டான். போனவன் பழியையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அவளிடம் விட்டுவிட்டுப் போனான். மிஞ்சியது யார்? ஒரே நேரத்தில் தண்ணீரும் சுமந்து பிள்ளையும் காக்க வேண்டிய ஒருத்தி. இரத்தம் பார்த்த ஒரு நொடியில் அவளைப் பிடித்த அச்சத்துக்கு 'அவசரபுத்தி' என்று பெயர் வைத்தாயிற்று. 'பெண்புத்தி பின்புத்தி' என்ற பழமொழி பக்கத்திலேயே தயாராக இருக்கிறது. அரச குமாரர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை, குடம் சுமக்கும் பெண்ணின் மேல் வந்து இறங்கிவிட்டது.

இதே கீரிக்கதை சிலப்பதிகாரத்தில் வருகிறது என்பதை என் மாணவிகளில் பலர் முதுகலைக்கு வந்த பிறகே அறிகிறார்கள். அடைக்கலக் காதையில், மதுரைக்கு வெளியே கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்ற மறையவன், அவன் புகாரில் செய்த நன்மைகளை நினைவூட்டுகிறான். அவற்றுள் ஒன்று கீரி இறந்த வீட்டுப் பெண்ணைப் பற்றியது. இளங்கோ கீரிக்கதையைச் சொல்வதில்லை. ஒரு சொற்றொடரில் தொட்டுவிட்டுப் போகிறார்; கேட்பவர்க்கு அது ஏற்கெனவே தெரியும் என்பது அவர் எண்ணம். அவர் சொல்வது, 'நீதி' கட்டத்துக்குப் பிறகு நடந்ததை.

கீரி செத்த பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று? கணவன், இனி உன் கையால் உண்டு வாழ்வது முறையன்று என்று சொல்லிவிட்டு வடக்கு நோக்கிப் போய்விட்டான். போகும்போது வடமொழியில் எழுதிய ஓர் ஏட்டை அவள் கையில் கொடுத்து, கடமை அறிந்தவர்களிடம் காட்டச் சொன்னான். அவள் அந்த ஏட்டோடு கடைத்தெருவிலும் செல்வர் வீட்டு வாசல்களிலும் கூவிக்கொண்டு அலைகிறாள். தன் பாவத்தைத் தீர்க்கப் பொருள் கொடுப்பவர் யாராவது உண்டா என்று.

பள்ளிக்கூடத்து நீதிக்கதை இந்தத் தெருவுக்கு வருவதே இல்லை. 'ஆராயாமல் செய்யாதே' என்று சொல்லி முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். புத்திமதி கிடைத்த பிறகு அவள் நமக்குத் தேவைப்படுவதில்லை.

கோவலன் அவளை அருகே அழைக்கிறான். உனக்கு என்ன துன்பம், கையில் இருப்பது என்ன என்று கேட்கிறான். அவள் தன் துயரைத் தன் வாயால் சொல்கிறாள். ஏட்டை வாங்கிக்கொண்டு பொருள் தந்து என்னைக் காப்பாற்று என்கிறாள். அவன் நூல்களில் சொன்னபடி தானம் செய்து, காட்டுக்குப் போன கணவனைத் தேடிச் சேர்த்து, வாழப் பொருளும் கொடுக்கிறான்.

கீரிக்கதை எதைச் சொல்வதாக நாம் ஒப்பிக்கிறோமோ, அந்த 'ஆராய்தல்' இங்கேதான் நடக்கிறது. விட்டுப்போன கணவன் விசாரிக்கவில்லை. தீர்ப்பு எழுதி ஏட்டைக் கையில் கொடுத்தான். கோவலன் விசாரித்தான். விசாரித்த அந்தக் கோவலனையே, அடுத்த காதையில், அரசியின் ஊடலைத் தணிக்கப் போகும் வழியில் பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட பாண்டியன், விசாரிக்காமல் கொல்லச் சொல்கிறான். கீரியின் வாயில் இரத்தம் இருந்தது போலக் கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதுவே போதுமான சாட்சி ஆயிற்று. இளங்கோ இந்தக் கதையை இந்த இடத்தில் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் ஒரு பெண் செய்த அவசரத்துக்கு ஊரெல்லாம் கூவி அலைய வேண்டியிருந்தது. அரியணையில் ஒருவன் செய்த அவசரத்துக்கு யார் எங்கே போய்க் கூவுவது?

இளங்கோ அவளுக்கு முழு நியாயம் செய்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் செய்ததைத் தீவினை என்றுதான் காப்பியமும் கொள்கிறது. விட்டுப்போனவனைப் பற்றி ஒரு கடிந்த சொல்லும் இல்லை. அவளுக்குக் கிடைக்கும் மீட்பு, கைவிட்ட அதே கணவனோடு சேர்ந்து வாழ்வது. அவளுக்காக இரங்கும் கோவலனும் வீட்டில் ஒருத்தியைத் தனியே விட்டுப் போனவன்தான். இவையெல்லாம் நாம் குறித்துக்கொள்ள வேண்டியவை. ஆனாலும் அவள் பேசுவதற்கு ஓர் இடமும், அதைக் கேட்க ஓர் ஆளும் அங்கே உண்டு. நம் பாடநூல் கீரிக்கதையில் அந்த அளவுகூட இல்லை.

ஆராய்ந்து செய் என்னும் அறிவுரைக்கு உரியவர் யார் என்பதில் பழைய நூல்கள் தெளிவாகவே இருந்தன. திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' 47-ஆவது அதிகாரம். அது இருப்பது பொருட்பாலின் அரசியல் பகுதியில், அரசனுக்குச் சொல்லும் வரிசையில். சிலப்பதிகாரப் பதிகமும் மூன்று கருத்துகளை அறிவித்துவிட்டே கதையைத் தொடங்குகிறது. முதலாவது ஆட்சியில் தவறியவர்க்கு நேரும் கதி, இரண்டாவது பத்தினியின் பெருமை, மூன்றாவது வினை. நம் மேடைகளும் பாடத்திட்டமும் இரண்டாவதை மட்டும் உருவி எடுத்து, சிலப்பதிகாரத்தைப் பெண்களுக்கான கற்புப் பாடமாக ஆக்கிவைத்திருக்கின்றன. முதலாவது கருத்து யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ, அவர்கள் அதைப் பரிசு வாங்கும் பேச்சுப்போட்டித் தலைப்பாக மாற்றிவிட்டார்கள்.

அதே காப்பியத்தில் ஒரு பெண் நீதிக்கதை சொல்கிறாள். வழக்குரை காதையில் நீ யார் என்று பாண்டியன் கேட்கும்போது, கண்ணகி தன் ஊரைச் சொல்லும் முறையைப் பாருங்கள். புறாவுக்காகத் தன்னையே தந்த மன்னனையும், கன்றை இழந்த பசு மணியடித்ததற்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனையும் சொல்லி, அவர்கள் ஊர் என் ஊர் என்கிறாள். இரண்டும் நம் பள்ளிப் புத்தகங்களில் 'நீதிக்கதை' என்று அச்சாகும் கதைகள். அங்கே அவை பழைய அரசர்கள் நல்லவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றன. கண்ணகி வாயில் அவை முன்தீர்ப்புகள். ஒரு பறவைக்கும் ஒரு பசுவுக்கும் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எதிரே இருப்பவனைக் கேட்கும் வாதம் அது. பிறகுதான் அவள் சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகிறாள்.

கதை ஒன்றுதான், சொல்லும் திசை வேறு. மேலிருந்து கீழே சொன்னால் புத்திமதி. கீழிருந்து மேலே சொன்னால் வழக்கு. 'நீதிக்கதை' என்ற சொல்லை எங்கே பயன்படுத்துவது என்பதற்கு எனக்குக் கிடைத்த நம்பகமான அளவுகோல் இந்தத் திசைதான்.

பசு மணியடித்த கதை அந்தப் பொருளை இன்னும் முழுதாக இழக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் கிராமத்துக்கு வந்து மனு வாங்கும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் வெயிலில் வரிசையில் நிற்கும் பெண்களுக்கு அந்தப் பெயரில் உள்ள 'மனு' சாத்திரக்காரர் மனு அல்லர். கையில் இருக்கும் காகிதம். மணிக்கயிற்றை இழுத்த பசுவின் இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

பேச்சுத் தமிழ் இன்னொரு சொல்லையும் காத்துவைத்திருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பெண் எழுந்து நின்றால், "எனக்கு ஒரு நாயம் சொல்லுங்க" என்பாள். அமர்த்தியா சென் 2009-இல் வெளிவந்த தம் நூலில் வடமொழியின் நீதி, நியாயம் என்ற இரு சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். நீதி என்பது அமைப்பும் விதியும் ஒழுங்கும். நியாயம் என்பது மனிதர் வாழ்வில் உண்மையில் வந்து சேர்வது. தமிழில் இந்தக் கோடு இவ்வளவு நேராக இல்லை. நாம் தெருவில் முழக்கமிடும்போது 'நீதி வேண்டும்' என்றுதான் சொல்கிறோம். நம் மொழியில் நீதி நியாயத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அது நமக்கு நல்லதுதான். நீதிக்கதை என்ற சொல்லிடம் நியாயத்தையும் கேட்கும் உரிமை அதனால்தான் நமக்கு வருகிறது.

லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் வருகிறாள். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நடுவரிடம் போய்த் தன் வழக்குக்கு நியாயம் செய்யும்படி திரும்பத் திரும்பக் கேட்கிறாள். தொந்தரவு பொறுக்காமல் கடைசியில் அவன் செய்கிறான். நற்செய்தி இதைச் சோர்ந்துபோகாமல் வேண்டுவதற்கு உவமையாகச் சொல்கிறது. உவமை என்ற பெயர் அதற்குச் சரிதான். ஆனால் நம் அளவுகோலில் இது நீதிக்கதையும்கூட. ஒருத்தி கேட்கிறாள்; பொறுப்பில் இருப்பவன் தர வேண்டியிருக்கிறது. அவன் திருந்தியதாகக் கதை சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்த இடம். நீதி கிடைக்க நடுவர் நல்லவராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பையும் கேட்டுவிடுவோம். இப்படிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லும் கதையே கூடாதா? சொல்லலாம். பொய் சொல்லாதே, பகிர்ந்து தின்னு, தண்ணீரில் இறங்காதே என்பதெல்லாம் சொல்ல வேண்டியவையே. அவற்றுக்கு நம்மிடம் நேரான சொல் இருக்கிறது: புத்திமதி. 'புத்திமதிக் கதை' என்று சொன்னால் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். 'நீதி' என்று சொன்னால் சொல்பவர் மறைந்துவிடுகிறார்; அறமே இறங்கி வந்து பேசுவது போல ஒரு தோற்றம் வருகிறது. மாமியார் வீட்டுக்கு அனுப்பும்போது 'புத்தி சொல்லி அனுப்பு' என்கிறார்கள். அது புத்தி சொல்வது என்று தெரிந்தால் ஒரு பெண் அதை எடுத்துக்கொள்ளலாம், விடலாம். அதற்கு நீதி என்று பெயர் வைத்தால் மறுப்பவள் அநீதி செய்தவள் ஆகிவிடுகிறாள்.

இன்னொரு மறுப்பும் உண்டு. பாட்டிகள் சொன்ன கதைகளில் மட்டும் பெண்களுக்கு நியாயம் இருந்ததா? ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தமிழ் வாய்மொழிக் கதைகளைத் திரட்டி 2001-இல் வெளியிட்ட ஆய்வுநூலின் தலைப்பே அவற்றை அறப்புனைவுகள் என்று சொல்கிறது. கொடுமை செய்தவர் கதைக்குள்ளேயே தண்டனை பெறுவதை அவர் சுட்டுகிறார். வாலில் ஒட்டிய வாக்கியம் இல்லாமல், கதையே தீர்ப்புச் சொல்கிறது. அது உண்மை. ஆனால் நம் நாட்டுப்புறக் கதைகளில் தண்டனை பெறும் சித்திமார்களையும் சக்களத்திகளையும் நாத்தனார்களையும் எண்ணிப் பார்த்தால், அங்கேயும் பெண்ணைப் பெண்ணிடமே மோதவிட்டுப் பின்னால் நிற்கும் ஆண் தப்பிவிடுவதைக் காணலாம். செவிலி சொன்னது என்பதாலேயே ஒரு கதை நம் பக்கம் நிற்பதில்லை. அதையும் அதே அளவுகோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏ.கே. ராமானுஜன் 1991-இல் தொகுத்து வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைகளில் ஒரு சிறிய தமிழ்க் கதை இருக்கிறது. ஒரு கைம்பெண்; இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் தினமும் ஏசுகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. உள்ளே அடக்க அடக்க உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது, அதற்கும் கேலி. ஒருநாள் வீட்டைவிட்டு நடந்து, ஊர்க்கோடியில் கூரை இல்லாத ஒரு பாழ்வீட்டுக்குள் போகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது, உடம்பு கொஞ்சம் இலேசாகிறது. அடுத்த சுவருக்கு மருமகள் செய்தது. இப்படி நான்கு சுவரும் விழுகின்றன. உடம்பும் மனமும் இளைத்து, வீடு திரும்புகிறாள்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு, நீதி என்ன என்று கேட்டேன். 'முதியோரை மதிக்க வேண்டும்' என்று எழுதியவர்களே அதிகம். 'மனசுல இருக்கறதைப் பேசிடணும்' என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், 'அவ பேசறதைக் கேக்க சுவருதான் இருந்துச்சு' என்று எழுதியிருந்தாள். அவள் எழுதியது புத்திமதி இல்லை, குற்றச்சாட்டு. சுவரே தாங்க முடியாமல் விழுந்த ஒன்றை அந்த வீட்டில் நான்கு பேர் தினமும் செய்திருக்கிறார்கள் என்பதை அவள் பார்த்துவிட்டாள். திரும்பிப் போன வீட்டில் எதுவும் மாறியிருப்பதாகக் கதை சொல்லவில்லை என்பதையும் அவளே பிறகு கேட்டாள். இந்தக் கதையில் நீதி கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று நமக்குத் தெரியவைப்பதால், இதை நீதிக்கதை என்று அழைக்க எனக்குத் தயக்கம் இல்லை.

ஆக, சொல்லைப் புழங்கும் முறை பற்றி என் பரிந்துரை எளிமையானது. விலங்குக் கதையை விலங்குக் கதை என்போம். உவமையை உவமை என்போம். அடங்கி நட என்று சொல்வதைப் புத்திமதிக் கதை என்போம். யாருக்கோ நேர்ந்த கேட்டுக்கு யாரோ பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு கதை கேட்குமானால், பதில் வந்தாலும் வராவிட்டாலும், அதை நீதிக்கதை என்போம். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்ற வினாவை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் கீழே இன்னொரு வினாவைச் சேருங்கள்: 'இக்கதையில் நீதி கேட்க வேண்டியவர் யார், யாரிடம்?' அதே இரண்டு மதிப்பெண் போதும். கீரிக்கதைக்கு இந்த வினாவைப் போட்டால் விடை பல வரும். கீரி, பெண்ணிடம். பெண், கணவனிடம். பத்து வயதுப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு புகாரின் கடைத்தெருவில் கூவியவளுக்கு நாம் இன்னும் தர வேண்டிய பதிலும் அந்த விடைத்தாள்களில் எங்காவது இருக்கும்.